வலிக்காத அக்கா

வீட்டுக்காரரின் போனுக்கு ரிப்போர்ட் போய்ச் சேர்ந்த நேரத்தில் அவள் சமையலறையில் எண்ணெய் பாட்டிலின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். துணியைச் சுற்றித் திருகிப் பார்த்தாள். வெந்நீரில் கவிழ்த்து வைத்துப் பார்த்தாள். கடைசியில் கதவிடுக்கில் கொடுத்து நெம்பியும் பார்த்தாயிற்று. கதவு கிறீச்சிட்டதே தவிர மூடி அசையவில்லை.

"இங்க கொஞ்சம் வா" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "எனக்கு என்னமோ பாசிட்டிவ்னு வந்திருக்கு."

அவள் பாட்டிலோடு அப்படியே நின்றுவிட்டாள். அந்த ரிப்போர்ட் அவர் போனுக்கு வந்திருக்கவே கூடாது. ஏனென்றால் அதில் இருந்தது அவருடைய பெயர் மட்டும்தான். ரத்தம் அவளுடையது.

விஷயம் இதுதான். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருஷமாக ரத்தம் எடுக்கிறவள். எத்தனை மெல்லிய நரம்பாக இருந்தாலும் ஒரு விரலால் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். எப்போதோ ஒரு குழந்தை "இந்த அக்கா குத்தினா வலிக்கல" என்று சொல்லிவிட்டுப் போக, அதுவே பெயராக நின்றுவிட்டது. மற்ற நாற்காலிகள் காலியாக இருந்தாலும், "வலிக்காத அக்கா வரட்டும், நாங்க இருக்கோம்" என்று பெஞ்சில் காத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. இவ்வளவு பேர் வாங்கியும் வேலை நிரந்தரம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தரம் மேனேஜர் ஒரு தாளை நீட்டுவார், அவள் கையெழுத்துப் போடுவாள். அடுத்த தாள் வர இன்னும் ஆறு மாசம் இருந்தது.

அந்த விரல்கள்தான் நாலு மாசமாக மக்கர் பண்ணின. காலையில் எழுந்தால் மடங்காது. ஐந்து மணிக்கே எழுந்து ஒரு பாத்திரத்தில் வெந்நீர் வைத்து, இரண்டு கையையும் அதில் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றால்தான் முஷ்டி பிடிக்க வரும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியில் புசுபுசுவென்று வீங்கியிருந்தன. மோதிரத்தை சோப்புப் போட்டுக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டாள். இந்த மாதிரிக் கைகளை அவள் தினமும் பெஞ்சில் பார்க்கிறாள், அதனால் இதற்கு என்ன டெஸ்ட் என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் வேலை செய்கிறவர்கள் டெஸ்ட் எடுத்தால் ஒரு நகல் மேனேஜர் மேஜைக்குப் போகும். இரண்டு வருஷத்துக்கு முன் முதுகுவலி என்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்ட ஒருத்தியை மேனேஜர் கூப்பிட்டு, "நீ ரெஸ்ட் எடும்மா" என்று அன்பாகச் சொன்னார். அவள் இன்னும் ரெஸ்டில்தான் இருக்கிறாள். குடும்பத்தினருக்கு எடுத்தால் நகல் போகாது. ஆகவே நம்மவள் மதியம் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, தன் இடது கையில் தானே குத்தி எடுத்து, குழாயில் வீட்டுக்காரரின் பெயரை எழுதி ஒட்டினாள். முதல் குத்தில் வரவில்லை, இரண்டாவதில்தான் வந்தது. வலிக்காத அக்காவின் ஊசி எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. நன்றாகவே வலித்தது.

எல்லாம் சரியாகச் செய்தவள் ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. கம்ப்யூட்டரில் வீட்டுக்காரரின் பெயரை அடித்ததும், எப்போதோ பதிந்து வைத்த அவருடைய போன் நம்பரை அது தானாகவே நிரப்பிக்கொண்டுவிட்டது.

"முடக்குவாதமா?" என்று வீட்டுக்காரர் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். "நான் எப்ப ரத்தம் குடுத்தேன்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் முதலில் கைக்குக் கிடைத்த பொய்யைப் பிடித்துக்கொள்வார்கள். போன வாரம்தான் அவர் கம்பெனியில் மருத்துவ முகாம் நடந்தது. முகாமை நடத்தியது அவளுடைய லேப்தான், ஆனால் போனது வேறு ஆட்கள். அன்று சாயங்காலம் அவர் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டிக்கொண்டு ஏதோ போரில் காயம்பட்டவர் போல வீட்டுக்கு வந்தார். ஊசி என்றால் கால் மைல் ஓடுகிற மனுஷன் கொடுத்துவிட்டு வந்தாரே என்று அவளுக்கு ஆச்சரியம். பஞ்சைப் பிரித்துப் பார்த்து, ஒரு பொட்டு ரத்தக் கறைகூட இல்லை, எடுத்த கை நல்ல கை என்று தொழில் முறையில் பாராட்டவும் செய்தாள்.

"முகாம்ல குடுத்தீங்கல்ல, அதுல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு" என்றாள். "சும்மா இருக்கட்டும்னு இந்த டெஸ்டும் போட்டுப் பார்த்தேன்."

வீட்டுக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். ஐயோ, பயந்துவிட்டாரே என்று அவளுக்குப் பாவமாக இருந்தது.

"ஓ, அந்த ரத்தமா" என்றார் கடைசியில். பிறகு நாற்காலியில் மெல்லச் சாய்ந்து, "அதான் பார்க்கிறேன், கொஞ்ச நாளாவே கை கால் எல்லாம் ஒரு மாதிரி இருக்கு" என்றார்.

அன்றைக்கு உட்கார்ந்தவர்தான். அவர் வீட்டில் செய்துகொண்டிருந்த வேலை மொத்தம் மூன்று. தண்ணீர் கேன் தூக்கி வைப்பது, குப்பையைக் கொண்டுபோய்ப் போடுவது, துருப்பிடித்த கேட்டின் தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டுவது. மூன்றும் கைக்கு வேலை வைப்பவை என்பதால் மூன்றையும் அன்றே விட்டுவிட்டார். அடுத்த நாள் முதல் கேனைக் கட்டிப்பிடித்துத் தூக்குவதும், தாழ்ப்பாளைக் கல்லால் தட்டிப் போடுவதும் அவள் பொறுப்பாயின. காலையில் வெந்நீரில் கை வைக்கும் நேரமும் பறிபோனது, ஏனென்றால் அந்தப் பாத்திரத்தில் இப்போது அவருடைய கை இருந்தது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டாள். டாக்டர் தொட்டுப் பார்ப்பார், வீக்கம் எதுவும் இல்லை, போய் வேலையைப் பாருங்கள் என்பார். கதை அதோடு முடிந்துவிடும். போகிற போக்கில் தன்னுடைய சந்தேகங்களையும் இவர் பெயரில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது.

மூட்டு டாக்டர் பொறுமையான மனிதர். வீட்டுக்காரரின் பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். வீக்கம் தெரியவில்லையே என்றார். அவள் மனசுக்குள் அப்பாடா என்று சொல்லிக்கொண்டாள். அதோடு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"காலையில எழுந்ததும் விரல் மடங்கலைன்னா, அது எதனால டாக்டர்?"

டாக்டர் வீட்டுக்காரரைப் பார்த்தார். "மடங்கலையா?"

"மடங்கல சார்" என்றார் வீட்டுக்காரர்.

"எவ்வளவு நேரம்?"

"முக்கால் மணி நேரம் ஆகுது சார். வெந்நீர்ல போட்டு வச்சா கொஞ்சம் தேவலை. அதுவும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் ரொம்ப மோசம். பாட்டில் மூடி திறக்க முடியறதில்ல."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்று விடாமல் அப்படியே அவளுடைய வலி. அப்படியானால் இந்த மனுஷனுக்கும் நிஜமாகவே வந்திருக்கிறது, ஒன்றுமே சொல்லாமல் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறார், தான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டோம் என்று நினைத்தபோது கண் கலங்கியே விட்டது. டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்தவர் திடீரென்று, "பல் தேய்க்கும்போது ஈறுல ரத்தம் வருமா?" என்று கேட்டார்.

விரலைக் காட்ட வந்தால் வாயைக் கேட்கிறாரே என்று வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். இருந்தாலும் திறந்து காட்டினார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சட்டென்று அணைத்துவிட்டார்.

"பல் தேய்க்கற பழக்கம் உண்டா?"

"உண்டு சார். ஞாபகம் வரும்போது."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். "ஈறு வீங்கியிருந்தா அதுக்கடியில சில கிருமிங்க குடியிருக்கும். அதுல ஒண்ணு, நம்ம உடம்புல இருக்கிற புரதத்தோட உருவத்தையே கொஞ்சம் மாத்திவிட்டுடும். உடம்புல காவலுக்குன்னு ஒரு படை இருக்கு இல்லையா, அதுக்கு அடையாளம் தெரியாம போயிடும். வீட்டு ஆளையே திருடன்னு நினைச்சு அடிக்க ஆரம்பிக்கும். அந்த அடி போய் மூட்டுல விழுது." எல்லாருக்கும் இப்படித்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் ஆராய்ச்சி நடந்துகொண்டுதான் இருக்கிறது என்றார். ஆனால் மூட்டு வீங்குவதற்குப் பல மாசம், சிலருக்குப் பல வருஷம் முன்னாலேயே ரத்தத்தில் அடையாளம் தெரிந்துவிடும், அந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் கையைக் காப்பாற்ற நிறைய வாய்ப்பு உண்டு, வீக்கம் வந்த பிறகு தாமதித்தால் விரல் கோணிக்கொண்டு போய்விடும், பிறகு நேராகாது என்றார்.

கோணிக்கொண்டு போய்விடும் என்றபோது அவள் தன் கைகளைக் கைப்பைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள்.

இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், முதலில் ஈறைச் சுத்தம் பண்ணுங்கள், சிகரெட்டை விடுங்கள், மூன்று மாசம் கழித்து மறுபடி டெஸ்ட் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதுவரை கனம் தூக்கக் கூடாது, குளிர்ந்த தண்ணீரில் கை வைக்கக் கூடாது, துணி பிழியக் கூடாது.

"துணி பிழியறதை இன்னையோட விட்டுடறேன் சார்" என்றார் வீட்டுக்காரர். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு கைக்குட்டையைக்கூடப் பிழிந்ததில்லை.

பல் டாக்டர் அம்மாவின் கிளினிக் அவர் கம்பெனிக்கு எதிரிலேயே இருந்ததால் அங்கே தனியாகவே போய்வந்தார். நாலு தடவை போனார். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுச் சட்டத்தோடு திரும்பினார். மிருதுவான பிரஷ், இரண்டு வேளை, பல் இடுக்குக்கு நூல், சாப்பிட்டதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். தண்ணீர் வெதுவெதுப்பாக வேண்டுமானால் யாராவது அடுப்பை மூட்ட வேண்டும். நூல் பெட்டியின் மூடியையும் அவள்தான் திறந்து கொடுக்க வேண்டும், டாக்டர் கையைச் சிரமப்படுத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறாரே.

அவளுக்கும் ஈறில் ரத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. தினமும் காலையில் துப்பினால் வாஷ்பேசின் சிவக்கும். யாரும் எழுந்து பார்ப்பதற்குள் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிடுவாள். நாளெல்லாம் குழாய் குழாயாக ரத்தம் பார்க்கிறவளுக்கு இந்த நாலு சொட்டு ஒரு பொருட்டாகவே தெரிந்ததில்லை. இப்போதுதான் அதைப் பார்க்கவே பயமாக இருந்தது. பல் டாக்டரிடம் போய்விடலாம்தான். ஆனால் இருந்த லீவையெல்லாம் வீட்டுக்காரரை மூட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனதிலும், "இன்னைக்கு எழுந்திருக்கவே முடியல, நீ பக்கத்துல இரு" என்று அவர் படுத்துவிட்ட நாட்களிலும் செலவழித்துவிட்டாள். இன்னும் ஒரு நாள் வராவிட்டால் தாள் நீட்டும்போது யோசிக்க வேண்டியிருக்கும் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். மேனேஜர் சிரித்தால்தான் பயப்பட வேண்டும்.

இதற்குள் தம்பிக்கு உடம்பு முடியவில்லை என்று நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஒத்தாசைக்குத்தான் வந்தாள். தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சின்ன வயசில் எவ்வளவு சுறுசுறுப்பு என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் அந்த ஒத்தாசை. பிழிகிற துணியில் நாத்தனாருடையதும் சேர்ந்தது. ஒரு நாள் அவள் கையிலிருந்து கண்ணாடி டம்ளர் நழுவி உடைந்தபோது, "கை பத்திரம்மா, உனக்கும் ஏதாவது வந்துட்டா அவனை யார் பார்த்துக்கறது?" என்றாள் நாத்தனார், நிஜமான கவலையோடு.

இதற்கு மேல் தாங்காது என்று அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். மூன்று மாசம் ஆனதும் அவருடைய நிஜமான ரத்தத்தை எடுத்து டெஸ்ட் போட்டுவிடுவது. டாக்டர் அன்றே வீக்கம் இல்லை என்றாரே, ரிப்போர்ட்டைப் பார்த்த பயத்தில் வந்த வலியாகத்தான் இருக்கும், ஒன்றுமில்லை என்று வரும். அவர் எழுந்துவிடுவார். கேன் அவரிடம் போகும், கை தன்னிடம் திரும்பும்.

ரத்தம் எடுக்க வீட்டுக்காரரைச் சம்மதிக்க வைப்பதற்கே பதினைந்து நாள் ஆனது. லேபுக்கு வரமாட்டேன் என்றார். வீட்டிலேயே எடுக்கலாம் என்றால் நாளைக்கு என்றார். ஒருவழியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, முகத்தை நாத்தனார் பக்கம் திருப்பி, கையைப் பிடித்தாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவளுக்கு விரலெல்லாம் வலி உயிர் போனது. ஆனாலும் ஒரே குத்தில் எடுத்துவிட்டாள்.

"முடிஞ்சுதா?" என்று வீட்டுக்காரர் ஒரு கண்ணைத் திறந்தார். "ஊசிங்கறது இவ்வளவுதானா? இதுக்கா இத்தனை நாள் பயந்தேன்?"

தொழிலுக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள். அந்த வீட்டில் பாராட்டு எந்த ரூபத்தில் வந்தாலும் எடுத்துக்கொள்வதுதான் வழக்கம்.

ரிப்போர்ட் எதிர்பார்த்தபடியே வந்தது. ஒன்றுமில்லை. மூட்டு டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மூணு மாசத்துல இப்படி அடியோட இறங்கி நான் பார்த்ததே இல்ல" என்றார். "ஒண்ணு ஈறு வைத்தியம் அதிசயமா வேலை செஞ்சிருக்கணும். இல்லைன்னா லேப்ல ஏதோ தப்பு நடந்திருக்கணும். நான் வேணா லேப் மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கறேன்."

குழாயில் பெயரை மாற்றி ஒட்டுவது லேபில் கொலைக்குற்றத்துக்கு அடுத்தபடியான குற்றம். மேனேஜர் அதற்கு ரெஸ்ட் கொடுக்கமாட்டார், நேராக வாசலைக் காட்டுவார்.

"லேப்ல தப்பு நடக்காது டாக்டர், நானே அங்கதான் இருக்கேன்" என்றாள் அவசரமாக. "வைத்தியம்தான். ரெண்டு வேளையும் தேய்க்கிறார். நூல் போடறார். ஒரு நாள் தவறினதில்ல."

டாக்டர் அவரைத் தட்டிக்கொடுத்தார். வீட்டுக்காரர் எழுந்து கேனைத் தூக்குவார் என்று அவள் நினைத்தாள். அவரோ, வராமல் இருக்க வேண்டுமானால் இதே மாதிரி ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் இல்லையா சார் என்று டாக்டரையே கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர். வேறு என்ன சொல்வார்? அதோடு நிறுத்தாமல், அடுத்த மாசம் ஆஸ்பத்திரியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் இருக்கிறது, நீங்கள் மேடையேறி நாலு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். வீட்டுக்காரர் அன்று வீட்டுக்கு வரும் வழியிலேயே புதுச் சட்டை எடுத்தார்.

கூட்டத்துக்கு லேப் மேனேஜரும் வந்திருந்தார். நாத்தனார் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"காலையில எழுந்தா விரல் நம்ம விரலாவே இருக்காது. பூட்டுல சாவியைத் திருப்ப ரெண்டு கையும் வேணும். டம்ளரைப் பிடிச்சா, கீழே போட்டுடுவோமோன்னு பயம். போட்டுட்டா, யாராவது பார்த்துட்டாங்களான்னு பயம். வீட்டுல சொல்ல முடியாது, சொன்னா யார் கேட்பாங்க? வெளியே சொல்ல முடியாது, சொன்னா வேலை போயிடும்."

அவருடையது நிரந்தர வேலை, தீப்பிடித்தாலும் போகாது. உருக்கத்துக்காகச் சேர்த்துக்கொண்டிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். நினைத்தது பாதிதான், மீதிப் பாதி அழுகையாக வந்துவிட்டது. இத்தனை மாசத்தில் அவளுடைய வலியை ஒருவர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. தனக்குத் தானேகூட இப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. எல்லாரும் கை தட்டினார்கள். அவளுக்குத் தட்ட வரவில்லை, உள்ளங்கைகளைச் சும்மா ஒட்டி ஒட்டி எடுத்தாள். "பொறாமை" என்று நாத்தனார் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொன்னது காதில் விழுந்தது.

அடுத்த வாரம் ஒரு பெண் தன் ஐந்து வயசு மகளை வலிக்காத அக்காவிடம்தான் காட்டுவேன் என்று ஒரு மணி நேரம் காத்திருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் அந்தச் சின்னக் கையைத் தடவினாள். விரல் நுனியில் ஒன்றும் தெரியவில்லை. மரத்துப் போயிருந்தது. குத்தினாள், வரவில்லை. மறுபடி குத்தினாள். மூன்றாவது தடவை ஊசியே விரலிலிருந்து நழுவியது. குழந்தை வீல் வீலென்று கத்தியது. "வலிக்காதுன்னு சொன்னாங்களே" என்று அந்தத் தாய் கேட்டாள், கோபமாகக்கூட இல்லை, ஏமாந்துபோன குரலில். அவள் அந்தக் குழந்தையிடம் மன்னிப்புக் கேட்டாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் கையெழுத்துத் தாள் இல்லை. சமீபத்தில் இது நாலாவது புகார் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் அவ்வளவு பெரிய நோயாளியை வைத்துக்கொண்டு உன்னால் எப்படி வேலையில் கவனம் வைக்க முடியும், அவர் மேடையில் பேசியதைக் கேட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது என்றார்.

"நீ ரெஸ்ட் எடும்மா" என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னாள். வீட்டுக்காரர் நூலால் பல்லிடுக்கைச் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தார். இனிமேல் காலையில் வெந்நீர் நேரத்துக்குக் கிடைக்கும் என்று நாத்தனார் சந்தோஷப்பட்டாள். பதினான்கு வருஷம் ஒரு வார்த்தையில் முடிந்துபோனதில் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்தில் எதையாவது தூக்கி எறியலாம் என்று பார்த்தால், எதையும் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் கிளம்பினாள். இனி ஒளிக்க வேலையும் இல்லை, லீவும் கேட்க வேண்டியதில்லை. மூட்டு டாக்டரிடம் நேராகப் போய் இத்தனை பொய்யையும் கொட்ட தைரியம் வரவில்லை. அவர் வைத்தியத்தையே மேடையேற்றிவிட்டாரே, அவர் முகத்தில் எப்படி விழிப்பது? அந்தப் பல் டாக்டர் அம்மா தன்னைப் பார்த்ததே கிடையாது. முதலில் ஈறு, அங்கே ஒரு தடவை சொல்லிப் பழகிக்கொண்டால் பிறகு மூட்டு டாக்டரிடம் சொல்வது சுலபம். விரல் கோணுவதற்குள் சொல்லிவிட வேண்டும். பழைய ரிப்போர்ட்டை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

கிளினிக்கில் சாய்வு நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, சுவரில் ஈறின் பெரிய படம். பல் டாக்டர் அம்மா நடுத்தர வயசு, அதிகம் பேசாதவர். கையுறையை மாட்டிக்கொண்டே உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை. ரிப்போர்ட்டைப் பிரிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிரித்து நீட்டினாள்.

"டாக்டர், இந்த ரிப்போர்ட் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். என் வீட்டுக்காரர் கொண்டு வந்து காட்டியிருப்பார். அதுல பேர் அவரோடது. ஆனா அது..." பெயரின் மேல் விரலை வைத்தாள். "நான் ஒரு பெரிய தப்புப் பண்ணிட்டேன் டாக்டர். பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது. ஆறு மாசமா தனக்கு வியாதின்னு நம்பிட்டிருக்கார். அதுல இருக்கிறது என்னோட ரத்தம்."

பல் டாக்டர் அம்மா ரிப்போர்ட்டை வாங்கக்கூட இல்லை. விளக்கை அவள் முகத்துக்கு நேராக இழுத்தார்.

"தெரியுமேம்மா, ஆறு மாசமா நீங்க எப்ப வருவீங்கன்னு பார்த்துட்டிருக்கேன். முதல் நாளே உங்க வீட்டுக்காரர் இந்த நாற்காலியில உட்கார்ந்து சொன்னாரே, 'முகாம்ல நான் ஊசிக்குப் பயந்து பஞ்சை மட்டும் ஒட்டிக்கிட்டு வந்துட்டேன் டாக்டர், இது என் சம்சாரத்தோட ரத்தம், அவளுக்குத்தான் விரல் வீங்கியிருக்கு, ஆனா அவளுக்கு வேலை ஜாஸ்தி, அவ வர்ற வரைக்கும் எனக்குப் பாருங்க'ன்னு."